பதினெட்டு வயதும் லூவர் நுழைவுச்சீட்டும்

இந்த மே மாதம் நாங்கள் நால்வரும் லண்டன், பாரிஸ், ரோம் ஆகிய மூன்று நகரங்களுக்குச் சென்று வந்தோம். மகளுக்கு வயது இருபது, கோவையில் பொறியியல் படிக்கிறாள், மகனுக்குப் பதின்மூன்று. விமானக் கட்டணத்துக்கும் விடுதி வாடகைக்கும் மாதக்கணக்கில் கணக்குப் போட்ட நான், அருங்காட்சியகக் கட்டணங்களைக் கடைசி மூன்று வாரங்களில்தான் பார்க்கத் தொடங்கினேன். பார்த்தபோது, கையில் ஒரே கடவுச்சீட்டையும் ஒரே கல்லூரி அடையாள அட்டையையும் வைத்திருக்கும் என் மகள், ஒரு நகரத்தில் மாணவியாகவும் இன்னொன்றில் முழுக் கட்டணம் செலுத்த வேண்டிய வெளிநாட்டவராகவும் கருதப்படுவாள் என்பது தெரிந்தது. சலுகை என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் வயது, வசிக்கும் நாடு, மாணவர் என்னும் தகுதி ஆகிய மூன்று வேறு அளவுகோல்களைச் சார்ந்தது; எந்த இடத்தில் எது செல்லும் என்பதை அறியாமல் பயண நிரலைப் போடக் கூடாது.

லண்டனில் இந்தத் தலைவலி இல்லை. பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் 2001 டிசம்பர் முதல் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்கு யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் டிக்கெட். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அதற்கும் பெரியவருடன் வரும் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். பணம் மிச்சமாவதைவிட, பாதியில் கிளம்பிவிடலாம் என்ற சுதந்திரமே எனக்குப் பெரிதாகப் பட்டது. கட்டணம் கொடுத்து உள்ளே போனால், கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்று குழந்தைகளை நான்கைந்து மணி நேரம் இழுத்துக்கொண்டு அலைவது நம் வழக்கம். சவுத் கென்சிங்டனில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மூன்றும் நடந்து போகும் தொலைவில் இருப்பதால், நாங்கள் ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கவில்லை. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கூடத்தில் கூரையிலிருந்து தொங்கும் இருபத்தைந்து மீட்டர் நீலத் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்க்க மகன் மறுநாளும் போக வேண்டும் என்றான், போனோம். ஐரோப்பியச் சிப்பாயைக் கடித்துக் குதறும் திப்புவின் மரப்புலியை, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கொண்டுபோனதை, அவன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டில் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். இலவசம் என்றாலும் இணையத்தில் நேரத்தை முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது, விடுமுறை நாள்களில் வரிசை நீளமாக இருக்கும்.

பாரிஸில்தான் கணக்கு கடினமானது. லூவர் அருங்காட்சியகத்தில் பதினெட்டு வயது நிறையாத எவருக்கும், எந்த நாட்டவராயினும், கட்டணம் இல்லை. பதினெட்டு முதல் இருபத்தைந்து வரை உள்ளவர்களுக்கும் இலவசம் உண்டு. ஆனால் அது ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில், அதாவது ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் நார்வே போன்ற சில அண்டை நாடுகளிலும், வசிப்பவர்களுக்கு மட்டும். இந்தியக் கல்லூரி அட்டையை அங்கே நீட்டிப் பயனில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு: இங்கே பார்க்கப்படுவது குடியுரிமை அன்று, வசிப்பிடம். என் ஒன்றுவிட்ட அண்ணன் மகன் நீண்டகால மாணவர் விசாவில் பிரான்சின் லியோன் நகரில் படிக்கிறான். அவனிடம் இருப்பதும் நம் கடவுச்சீட்டுதான், ஆயினும் அவன் இலவசமாக நுழைகிறான். இங்கிருந்து சுற்றுலா விசாவில் வந்த என் மகள், அவனைவிட ஒரு வயது இளையவள், முழுக் கட்டணம் செலுத்தினாள். அந்த முழுக் கட்டணமும் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 22 யூரோவிலிருந்து 32 யூரோவாக உயர்ந்துவிட்டது. ஆக எங்கள் மூவருக்கும் 96 யூரோ, மகனுக்கு ஒன்றுமில்லை. மகள் பிளஸ் டூ முடித்தபோது அவளுக்குப் பதினேழு வயதுதான் ஆகியிருந்தது. அந்தக் கோடை விடுமுறையில் புறப்பட்டிருந்தால், அன்றைய கட்டணப்படி நாங்கள் இருவர் மட்டும் செலுத்தி உள்ளே போயிருக்கலாம். நுழைவுத் தேர்வு, கலந்தாய்வு என்று அந்த ஆண்டைத் தள்ளிப்போட்டதில் எனக்கு இன்றும் சிறு வருத்தம் இருக்கிறது.

பயண முகவர் ஒருவர் முதலில் தந்த விலைப்பட்டியலில், பல அருங்காட்சியகங்களுக்குச் செல்லும் பாரிஸ் பாஸ் நான்கு பேருக்கும் சேர்க்கப்பட்டிருந்தது. பாஸ் செல்லும் பெரிய இடங்களில் பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்கள் எப்படியும் இலவசம் என்பதால், பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது தேவையே இல்லை; கேட்டதும் நீக்கிவிட்டார். பாஸ் வாங்கினாலும் லூவருக்குத் தனியாக நேரம் பதிய வேண்டும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். கட்டணம் இல்லாத மகனுக்கும் சுழிய யூரோவில் ஒரு சீட்டைப் பதிவு செய்தோம். லூவர் செவ்வாயன்று மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகம் திங்களன்று மூடியிருக்கும். பாரிஸில் இரண்டே நாள் தங்குபவர்கள் இந்த இரண்டு கிழமைகளில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதே பாதி வெற்றி. புதன், வெள்ளி இரவுகளில் லூவர் ஒன்பது மணி வரை திறந்திருப்பதால், நாங்கள் வெள்ளி மதியம் விடுதியில் தூங்கி எழுந்து மாலை ஐந்து மணிக்கு நுழைந்தோம். பள்ளியில் படித்த ஹம்முராபியின் சட்டக் கல் ஆளைவிட உயரமாக எதிரில் நிற்பதைக் கண்டு மகன் வாயடைத்துப் போனான். மறுநாள் கார்னவலே, பெட்டி பலே ஆகியவற்றுக்குச் சென்றோம். இரண்டும் நகராட்சியின் அருங்காட்சியகங்கள், நிரந்தரக் காட்சி எல்லோருக்கும் இலவசம். கூட்டமும் குறைவு. அங்கே மகள் செலவிட்ட நேரம் லூவரைவிட அதிகம் என்றால் நம்புவது கடினம்.

ரோமில் மாணவர் அட்டைக்கு மதிப்பு வந்தது. வத்திக்கான் அருங்காட்சியகத்தில் பெரியவருக்கு 20 யூரோ, ஏழு முதல் பதினெட்டு வயதினருக்கும் இருபத்தைந்து வயது வரையுள்ள மாணவர்களுக்கும் 8 யூரோ; இணையத்தில் பதிந்தால் தலைக்கு 5 யூரோ கூடுதல். எங்கள் நால்வருக்கும் 76 யூரோ ஆயிற்று. கல்லூரி அட்டையோடு சர்வதேச மாணவர் அட்டையான ஐசிக்கையும் மகள் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாள். நம் கல்லூரி அட்டைகள் பலவற்றில் எந்த ஆண்டு வரை செல்லும் என்பது தெளிவாக இருப்பதில்லை என்பதால் அது பாதுகாப்பு. ஆனால் அதே நகரத்தில் கொலோசியத்தில் மாணவர் அட்டை செல்லாது. அங்கே பதினெட்டுக்குக் கீழே எல்லோருக்கும் இலவசம், பதினெட்டு முதல் இருபத்தைந்து வரை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு 2 யூரோ, மற்ற அனைவருக்கும் 18 யூரோ. சீட்டில் பெயர் அச்சிடப்படுவதால் கடவுச்சீட்டை விடுதிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போக முடியாது; பையனின் வயதைக் காட்டவும் அதுவே சான்று.

அடுத்து நாங்கள் போக நினைப்பது ஸ்பெயின். மாட்ரிட்டில் உள்ள பிராடோ அருங்காட்சியகத்தில் பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், பதினெட்டு முதல் இருபத்தைந்து வரை உள்ள மாணவர்களுக்கும், எந்த நாட்டவராயினும் கட்டணம் இல்லை. மாலையில் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் எங்களைப் போன்ற பெற்றோருக்கும் இலவசம். மகனுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் ஐந்தாண்டு இருக்கிறது. மகள் மேற்படிப்பில் சேர்ந்தால் அவளுக்கும் ஏறக்குறைய அதே காலம் கிடைக்கும். அடுத்த பயணத்துக்குரிய சேமிப்பை இந்த மாதச் சம்பளத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.