கரண்ட் கணக்கு

ஓடையில் தண்ணீரின் வேகத்தை அளக்கும் கருவிக்குப் பெயர் கரண்ட் மீட்டர். கம்பியின் அடியில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் சுற்றும், சுற்றுக்கு ஒரு 'டிக்' கேட்கும். அவ்வளவுதான் கருவி. நெய்வேலிக்குத் தெற்கே ஒரு சிறுபாலத்தில் அதை இறக்கிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் அது என்னவென்று கேட்டார். பெயரைச் சொன்னேன்.

"கரண்ட் கணக்கு எடுக்கற ஆளா? எங்க வூட்டு மீட்டரு சுத்தவே மாட்டேங்குது. அதையும் பாத்துட்டுப் போ தம்பி" என்றார். சிரித்ததில் எத்தனை டிக் என்பது மறந்துபோய், முதலிலிருந்து எண்ணினேன்.

அது 2013 மே மாதம். ஒரு சர்வே நிறுவனத்தில் ஒப்பந்தக்காரனாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மழையைக் கண்டு வாரக்கணக்கு. ஆனாலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. மழையில்லாத நாளிலும் நிலத்தடி நீர் கசிந்து ஓடையை ஓடவைக்கும், அதற்கு அடிப்படை ஓட்டம் என்று பெயர் என்று படித்திருந்தேன். படிவத்தில் அதையே எழுதிக் கொடுத்தேன். சீனியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தண்ணியத் தொட்டுப் பாத்தியா?"

தொட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் விடியலில் ஓடையோடு மேல்நோக்கி என்னை நடக்கவைத்தார். நாலு கிலோமீட்டர் போனதும் ஓடை முடிந்தது. சரியாகச் சொன்னால், அங்கேதான் தொடங்கியது. ஊற்று எதுவும் இல்லை, பெரிய இரும்புக் குழாய்கள்தான் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தன. கையை நீட்டினேன். ஆறப்போட்ட வெந்நீர் போல வெதுவெதுவென்று இருந்தது. ஆழத்துத் தண்ணீர்.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்ட நிலத்தடி நீர் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கித் தள்ளுகிற அழுத்தம். அதை இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொள்ளும். 1957-ல் நேரு தொடங்கிவைத்த திறந்தவெளிச் சுரங்கத்தில் 1961-ல் நிலக்கரியைக் கண்ணால் பார்க்க முடிந்தது என்றால், இந்தத் தண்ணீரை இறைத்து அடக்கியதும் அதற்கு ஒரு காரணம். இன்றுவரை ராப்பகலாக இறைக்கிறார்கள். அங்கே வேலை செய்பவர்கள் இதை ஜி.டபிள்யூ.சி. (கிரவுண்ட் வாட்டர் கன்ட்ரோல்) என்பார்கள். சுரங்கக் குழிக்குள் விழும் மழைநீரை வெளியேற்றுவது எஸ்.டபிள்யூ.சி. (ஸ்டார்ம் வாட்டர் கன்ட்ரோல்). முதலாவது தெளிந்த தண்ணீர், இரண்டாவது சாயம் கரைத்த மாதிரி செம்மண் தண்ணீர். இரண்டும் வந்து சேர்வது பக்கத்து ஓடைகளில். அங்கிருந்து வாலாஜா ஏரி, பரவனாறு, பெருமாள் ஏரி என்று இறங்கி, கடைசியில் கடலூர் உப்பனாறு.

மழைக்கு ஓடவேண்டிய ஓடை மோட்டாருக்கு ஓடுகிறது. ஆயா கேட்டதில் தப்பே இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு டோபோ ஷீட்டை, அதாவது மேடுபள்ளம் காட்டும் வரைபடத்தைப் பார்ப்பதே தொல்லையாகிவிட்டது. எங்களிடம் இருந்தது குழி விரிவதற்கு முந்தைய வரைபடம். நெய்வேலி மேட்டுக்கு வடக்கே விழும் மழை கெடிலம் பக்கம், தெற்கே விழுவது பரவனாறு பக்கம். எந்தத் துளி எந்தப் பக்கம் போகும் என்று மேட்டின் முதுகோடு ஒரு கோடு இழுத்தால், அதற்குள் அடங்குவதுதான் ஒரு ஓடையின் நீர்ப்பிடிப்பு. அந்தக் கோட்டின் மேலேயே குழி வந்துவிட்டால்? நூறு மீட்டர் வரை ஆழமுள்ள பள்ளத்தில் விழுகிற மழை எந்தப் பக்கமும் போகாது. உள்ளே தேங்கும், மோட்டார் இறைக்கும், குழாயின் வாய் எந்த ஓடையைப் பார்த்திருக்கிறதோ அந்த ஓடைக்குப் போகும். பக்கத்து ஓடைக்குத் தன் பங்கு மழை போச்சு. இதற்கு அது கேட்காத தண்ணீர்.

குழியில் வெட்டிய மண்ணைக் கொட்டிய இடம் இன்னொரு மலை. வரைபடத்தில் இல்லாத மலை, வரைபடத்தில் இல்லாத சரிவு. முதலில் காணாமல் போவது பெயரே இல்லாத ஓடைகள். முந்திரித்தோப்பு நடுவே மழைக்கு மட்டும் ஈரம் காணும், ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடிய தடங்கள். படிவத்தில் அவற்றுக்கு எண் கிடையாது, அதனால் போனதற்கும் கணக்கு கிடையாது. பெரிய ஓடையை வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடலாம், இந்த நரம்புகளை யார் திருப்புவது?

விவசாயிகளிடம் இதையெல்லாம் சொன்னால் தலையாட்டமாட்டார்கள், அதுவும் நியாயம்தான். கோடையில் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது, இரண்டாம் போகம் நடுகிறார்கள். அதே ஊரில் ஒரு பெரியவர், அவர் சின்னப் பையனாக இருந்தபோது போர்வெல் போட்டால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் பொங்கும் என்றார். இப்போது அதே தண்ணீர் குழாய் வழியாகச் சுற்றி அவர் வயலுக்கு வருகிறது. 2017 வறட்சியில் பரவனாற்றுத் தண்ணீரைச் சென்னைக்கே கொண்டுபோனார்கள். 2023 ஜூலையில் அந்தப் பரவனாற்றையே சுரங்கத்துக்காகத் திருப்பிவிட வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரம் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதற்குள் நான் அந்த வேலையை விட்டிருந்தேன்.

நான் கடைசியாக அந்தச் சிறுபாலத்துக்குப் போனது 2015 டிசம்பரில். நவம்பரில் ஒரே நாளில் நெய்வேலியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியிருந்தது. கடலூர் மாவட்டமே மிதந்துவிட்டு அப்போதுதான் வடிந்துகொண்டிருந்தது. புல் பிடிக்காத மண்மேட்டில் அப்படி மழை அடித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. சரிவு முழுக்க விரல் கீறிய மாதிரி பள்ளங்கள். ஓடை வளைகிற இடத்தில் கரையோடு சரிந்திருந்த பகுதியைக் கடப்பாரையால் குத்திப் பார்த்தோம். மேலே இரண்டு சாண் சிவப்பு மணல், அதன் கீழே பழைய கரிசல் களி. நடுவே கத்தியால் அறுத்த மாதிரி கோடு. ஏரிக்குள்ளும் இதே மண்தான் இறங்குகிறது. ஏரி எவ்வளவு தூர்ந்ததோ அவ்வளவு சீக்கிரம் கலிங்கல் (உபரி நீர் வெளியேறும் மதகு) வழியும்.

2013-ல் தண்ணீர் மட்டம் பார்க்க, பாலத்தின் சுவரில் வெள்ளைப் பெயின்டால் ஓர் அளவுகோல் போட்டிருந்தேன். ஓடையின் தரை பூஜ்யம், அங்கிருந்து மேலே பத்துப் பத்து சென்டிமீட்டராகக் கோடுகள். அந்தப் பூஜ்யத்தைத் தேடினேன். கண்ணில் பட்ட முதல் எண் 50. குனிந்து மணலைக் கையால் தோண்டினேன். முழங்கை வரை உள்ளே போனது, 20 தட்டுப்பட்டது. அதற்குக் கீழே தோண்டத் தோண்டத் தண்ணீர் மணலைச் சரித்துக்கொண்டே இருந்தது.

"விடு. அம்பதையே பூஜ்யம்னு எழுதிக்க" என்றார் சீனியர். எழுதிக்கொண்டேன். கரண்ட் மீட்டரை இறக்கி டிக் எண்ண ஆரம்பித்தோம்.