காட்டுத்தீப் புகைத்துகளை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க நான் பட்ட பாடு

கலிஃபோர்னியாவில் 2020 காட்டுத்தீ சமயத்தில் சேகரித்த புகை மாதிரிகளின் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்கள் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டன. நிம்மதிதான். ஆனால் பாதி மாதிரிகள் வீணாய்ப் போனதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இந்த வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் அடி ஃபில்டரில். காற்றுத்தரம் அளக்கும் நிலையம் ஒன்றில் புகை நாட்களின் ஃபில்டர்களைத் தருவதாகச் சொன்னார்கள். "மைக்ரோஸ்கோப்புக்கு ஆகுமா?" என்று போனிலேயே கேட்டேன். "தாராளமா ஆகும்" என்றார் அங்கிருந்தவர். நம்பி, அந்தப் புகையிலேயே வண்டி ஓட்டிக்கொண்டு போனால், அத்தனையும் குவார்ட்ஸ் இழை ஃபில்டர். கரிமத்தின் அளவைச் சூடாக்கிக் கணக்கிட அது அருமையான ஃபில்டர். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் வெறும் இழைக் காடுதான் தெரியும். துகள்கள் உள்ளே புதைந்துவிடும். வழவழப்பான பரப்பில் துளைகள் போட்ட பாலிகார்பனேட் ஃபில்டர்தான் வேண்டும். பெயரைச் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கடும் புகையில் பம்ப்பை நாள் முழுக்க ஓட விடாதீர்கள். துகள் மேல் துகள் அப்பிக்கொண்டால் எது காற்றில் ஒட்டியது, எது ஃபில்டரில் ஒட்டியது என்று பிரிக்கவே முடியாது. சில நிமிடங்களே போதும். வானத்தின் நிறத்தை வைத்தும் கணக்குப் போடக் கூடாது. செப்டம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ வானம் ஆரஞ்சாக மாறியதை உலகமே பார்த்தது. அன்று புகை பெரும்பாலும் மேலே நின்றது. கடலிலிருந்து வந்த குளிர்ந்த காற்று கீழே அதைத் தடுத்து வைத்திருந்தது. தரையில் மோசமானது அதற்கடுத்த நாட்களில்தான்.

சரி, நல்ல ஃபில்டரில் நல்ல மாதிரி கிடைத்தது. அப்புறம்தான் பெரிய இடி. படம் தெளிவாக வர மாதிரியின் மேல் மெல்லிய உலோகப் படலம் பூசுவது வழக்கம். மைக்ரோஸ்கோப் மையத்தின் படிவத்தில் அந்தப் "பூச்சு வேண்டாம்" என்று தெளிவாக எழுதியிருந்தேன். போய்ப் பார்த்தால் தங்கம் பூசி வைத்திருக்கிறார்கள்! "எல்லாருக்கும் அப்படித்தான் செய்வோம்" என்பதுதான் பதில். படம் அழகாகத்தான் வந்தது. ஆனால் தனிமங்களைக் காட்டும் எக்ஸ்-கதிர் வரைபடத்தில் தங்கத்தின் முகடு 2.12 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் நிற்கிறது, கந்தகத்தினுடையது 2.31-ல். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் கந்தகம் அமுங்கிப் போனது. புதுப் புகையில் பொட்டாசியம் குளோரைடாக இருப்பது, காற்றில் பயணம் செய்யச் செய்ய சல்ஃபேட்டாகவும் (அதாவது கந்தகம் சேர்ந்த உப்பாகவும்) நைட்ரேட்டாகவும் மாறும். புகைக்கு எவ்வளவு வயது என்று சொல்லும் தடயமே கந்தகம்தான். அதைத்தான் மறைத்துவிட்டார்கள். பூசிய தங்கத்தைச் சுரண்டி எடுக்கவும் முடியாது. கட்டணத்தை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டார்கள்.

நல்லவேளையாக ஃபில்டரில் பாதியை வெட்டி என்னிடமே வைத்திருந்தேன். எந்த மையத்துக்கும் முழு ஃபில்டரைக் கொடுக்காதீர்கள். அந்தப் பாதியை வேறொரு மையத்தில், பூச்சே இல்லாமல், மைக்ரோஸ்கோப்புக்குள் கொஞ்சம் வாயுவை விட்டுவைக்கும் குறை வெற்றிட முறையில் பார்த்தோம். பொட்டாசியமும் கந்தகமும் ஒரே துகளில் சேர்ந்து தெரிந்தபோது நான் சத்தமாகவே கத்திவிட்டேன்.

அடுத்து, எலக்ட்ரான் கற்றையைத் துகளின் ஊடாகவே செலுத்திப் பார்க்கும் ஊடுருவல் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப். அதற்கு ஸ்லாட் சுலபமாகக் கிடைத்தது. அதை இயக்கியவரும் கைதேர்ந்தவர். "முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் படம் எடுத்துவிடு, தனிமம் பார்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்" என்றார். ஏன் என்பது சில நொடிகளில் புரிந்தது. பொட்டாசிய உப்பின் மேல் கற்றையைக் குவித்ததும் அது கொப்பளித்து, ஓரம் சுருங்கி, கண்ணெதிரே ஆவியாகி, வெறும் கூடு மிஞ்சியது. பக்கத்திலிருந்த தார் உருண்டைகள் (விறகுப் புகையில் உருவாகும் உருண்டையான கரிமத் துகள்கள்) அசையவில்லை. சுமார் 200 நானோமீட்டர் அகலத்தில், உள்ளே எந்த அடுக்கும் இல்லாத, கச்சிதமான கோளங்கள். புகைக்கரியோ குட்டிக் குட்டி மணிகள் சேர்ந்த திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளவே முடியாது. நியூ மெக்சிகோவின் 2011 லாஸ் கோன்சாஸ் தீயின் புகையில் புகைக்கரியைவிட இந்த உருண்டைகளே பல மடங்கு அதிகம் என்று 2013-ல் வந்த ஆய்வில் படித்திருக்கிறேன். என் கிரிட்டிலும் (இந்த மைக்ரோஸ்கோப்பில் மாதிரியைத் தாங்கும் சின்ன உலோக வலை) திரும்பிய பக்கமெல்லாம் அவைதான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கிரிட் செம்பு என்றால் எங்கே பார்த்தாலும் செம்பு முகடு வரும். கலிஃபோர்னியாவின் 2018 கேம்ப் தீயைப் போல வீடுகளும் எரிந்த புகையில் உலோகம் தேடுகிறவர்கள் இதில் ஏமாறக் கூடாது. அந்தத் தீயின் புகையில் ஈயமும் துத்தநாகமும் கூடியிருந்ததை மாநிலக் காற்று வாரியமே பதிவு செய்திருக்கிறது. அடுத்த முறைக்கு நிக்கல் கிரிட்டுகளாக ஆர்டர் போட்டிருக்கிறேன். டப்பா மூடியிலேயே "பூச்சு வேண்டாம்" என்று சிவப்பு மையில் எழுதியும் ஒட்டியாகிவிட்டது.