பெயிண்டுக்கு அடியில் இருப்பதுதான் கடை

அப்பாவின் பழைய பிரீமியர் பத்மினி காரைப் புதுப்பிக்க முதலில் ஒரு கடையில் விட்டேன், பெயர் வேண்டாம். எட்டு மாதம் கழித்து செக்கச்செவேலென்று கொண்டுவந்து நிறுத்தினார்கள், அம்மா கண் கலங்கி திருஷ்டி சுற்றினாள். அடுத்த ஐப்பசி மழைக்கே டிரைவர் சீட்டுக்குக் கீழே ஈரம். கால் வைக்கிற மேட்டைத் தூக்கினால், துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே பைபர் துணியை ஒட்டி, பள்ளம் தெரியாமல் நிரப்புகிற பட்டியைப் பூசியிருக்கிறார்கள்.

இதை அழகுப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஜீப்புக்கு இருப்பதுபோல பத்மினிக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பகுதியும் தூண்களும் சேர்ந்துதான் மொத்த வண்டியையும் தாங்குகின்றன, அங்கே துரு இருந்தால் வண்டியின் எலும்பே போய்விட்டது என்று அர்த்தம். அதை மூடி மறைத்துப் பணம் வாங்குகிறவரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

அப்புறம் மதுரை அவனியாபுரம் பக்கம் தகடு வேலை செய்கிற ஒரு டிங்கர் அண்ணனிடம் போனேன். போர்டுகூடக் கிடையாது, தகரக் கொட்டகை. கையோடு மாருதி ஜிப்ஸி ஜீப்பின் 1.3 லிட்டர் இன்ஜினையும் ஏற்றிவிடலாமா என்று ஆசையாகக் கேட்டேன். "தம்பி, ஓட்டுறத அப்புறம் பாப்போம், மொதல்ல நிப்பாட்டுறதுக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்றார். நியாயமான கேள்வி. பத்மினியின் 1089 சிசி இன்ஜினுக்கு 40 குதிரைத்திறன் சொச்சம்தான், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தியை எப்படி அடக்குவது? ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாமல் இன்ஜினைத் தொடவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு, அதுவும் வண்டிக்காரருக்கு. ஆசை காட்டி வேலை பிடிக்கிற எத்தனை கடைக்காரர்கள் இதை வாயைத் திறந்து சொல்கிறார்கள்?

ஜீப்புக்குப் பெரிய டயர் போடுவதும் இப்படித்தான். சக்கரத்தின் சுற்றளவு கூடினால் ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துத்தான் காட்டும், ரிங் ரோட்டில் 80 என்று நினைத்துக்கொண்டு 90-க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

கடைக்குப் போனால் முடிந்த வண்டியைப் பார்க்காதீர்கள், பாதி வேலையில் பெயிண்ட் உரித்து நிற்கிற வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓரங்களில் வைத்துப் பாருங்கள், பட்டி கனமாக இருக்கிற இடத்தில் ஒட்டாது.

என் வண்டிக்குத் தரை முழுக்கப் புதுத் தகடு வெட்டி வெல்டிங் முடிந்துவிட்டது, இன்ஜின் பழையதுதான், அதுவே போதும் என்று முடிவெடுத்துவிட்டேன். முன் கண்ணாடியைச் சுற்றித் தண்ணீர் புகாமல் மாட்டுகிற ரப்பர் பீடிங் மட்டும் நல்லதாக அமையவில்லை, மதுரைக்குள் விசாரித்தவரை கிடைத்ததெல்லாம் மூலையில் சுருங்குகிறது. எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், மழைக்கு முன்னால் மாட்டியாக வேண்டும்.