தேர்தல் செலவுக் கணக்கும் நாங்கள் போடாத நாற்காலிகளும்

2024 மக்களவைத் தேர்தலில் சுயேச்சையாகப் போட்டியிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நான் தேர்தல் முகவராக இருந்தேன். வேட்புமனு, தனி வங்கிக் கணக்கு, சின்னம் ஆகியவை சிக்கலின்றி முடிந்தன. அலைக்கழிப்பு தொடங்கியது முடிவு வெளியான பிறகுதான். டெபாசிட் போயிருந்தாலும், முடிவு அறிவித்த 30 நாள்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் செலவுக் கணக்கை ஒப்படைத்தாக வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுகளுக்குப் போட்டியிடத் தகுதிநீக்கம் செய்யலாம்.

வேட்பாளர் எழுதும் பதிவேடு போலவே, வீடியோ குழுவின் பதிவைப் பார்த்து அதிகாரிகள் நிழல் பதிவேடு ஒன்றை எழுதுவார்கள். மாவட்ட விலைப்பட்டியலின்படி செலவைக் கணக்கிடுவார்கள். எங்கள் தெருமுனைக் கூட்டத்துக்கு நாங்கள் வாடகைக்கு எடுத்தவை 50 நாற்காலிகள்; நிழல் பதிவேட்டிலோ 150 என்று இருந்தது. கணக்குப் பிரிவு ஊழியர், "உச்சவரம்பு 95 லட்சம். உங்கள் செலவு அதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்களேன்" என்றார். எங்களால் அதை ஏற்க முடியவில்லை. கணக்கு உண்மையானது என்று வேட்பாளர் பிரமாணப் பத்திரத்தில் சத்தியம் செய்து கொடுக்கிறார். செலவழிக்காத பணத்தைச் செலவழித்ததாக எழுதுவதும் பொய்தானே?

வீடியோவைப் போட்டுக் காட்டும்படி எழுத்து மூலம் கேட்டோம். பிரிவு அலுவலர் இன்று இல்லை, நாளை வாருங்கள் என்று பலமுறை திருப்பி அனுப்பினார்கள். கணக்கு ஒப்பீட்டுக் கூட்டத்தில்தான் ஒருவழியாக அதைத் திரையிட்டார்கள். முன்வரிசைகளில் இருந்த நீல நாற்காலிகளின் முதுகில் எங்கள் ரசீதில் உள்ள கடையின் பெயர் பெயின்ட்டால் எழுதப்பட்டிருந்தது. பின்னால் அடுக்கிக் கிடந்த சிவப்பு நாற்காலிகளில் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. பார்த்த அதிகாரி அங்கேயே எண்ணிக்கையைத் திருத்திக் கையொப்பமிட்டார். அன்று எங்கள் ஆசிரியர் முகத்தில் கண்ட நிறைவை வாக்கு எண்ணிக்கை நாளில்கூட நான் காணவில்லை.

அடுத்து நிற்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பிரசாரக் காலத்தில் பதிவேட்டை ஆய்வுக்குக் கொண்டுசெல்லும் ஒவ்வொரு முறையும் நிழல் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்து, வேறுபாடு இருந்தால் அப்போதே எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். ஒவ்வொரு வவுச்சரிலும் வேட்பாளரோ முகவரோ கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஃபிளெக்ஸ் கடை, ஆட்டோ ஒலிபெருக்கி ஆகியவற்றின் ரசீதுகளை வாக்குப்பதிவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-இல் வாக்குப்பதிவு முடிந்து ஜூன் 4-இல்தான் முடிவு வந்தது, அதற்குள் ஆளைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. முக்கியமாக, கணக்கைக் கொடுத்ததும் தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்காமல் அலுவலகத்தை விட்டு நகராதீர்கள். "தபாலில் வரும்" என்று எங்களிடமும் சொன்னார்கள், நாங்கள் காத்திருந்து வாங்கிக்கொண்டே வந்தோம்.