ஊறுகாய் பாட்டிலில் ஒரு வெந்தய வரியன்

எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு காலி மனை. அருப்புக்கோட்டை வெயிலுக்கு எருக்கும் வேலிக்கருவையும்தான் அங்கே தாக்குப்பிடிக்கும். விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள் மாலை கட்ட எருக்கம்பூ பறிக்கப் போனேன். இலைக்கு அடியில் ஒரு புழு. உடம்பெல்லாம் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி. முதுகில் மூன்று ஜோடிக் கொம்பு. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. கிளையோடு ஒடித்து வந்து காலி ஊறுகாய் பாட்டிலில் விட்டேன். "எருக்கம்பால் கண்ணுல பட்டா பார்வை போயிரும், கையக் கழுவு" என்று அம்மா மூன்று முறை சொல்லிவிட்டார்.

அந்தப் பாலுக்குப் புழுவும் பயப்படத்தான் செய்கிறது. குடித்தால் வாயே ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் இலையின் நடுநரம்பைக் கடித்துவிடுகிறது. பால் அங்கேயே வடிந்துபோகும். அப்புறம் நுனிப்பக்கம் போய் நிதானமாக மேய்கிறது. மிச்சமிருக்கும் விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. இதயத்தைத் தாக்கும் விஷம் அது. பட்டாம்பூச்சி ஆன பிறகும் உடம்பிலேயே தங்கிவிடும். தின்று பார்த்த குருவி மறுபடி தொடாது.

அதனால்தான் வெந்தய வரியன் அவ்வளவு மெதுவாகப் பறக்கிறது. சின்ன வயதில் என் கையில் சிக்கிய ஒரே பட்டாம்பூச்சி இதுதான்; நான் கெட்டிக்காரன் என்றல்லவா நினைத்திருந்தேன்! பிடித்தால் செத்ததுபோலக் கிடக்கும். விட்டதும் பறந்துவிடும்.

இதிலும் டூப்ளிகேட் உண்டு. வேறொரு இனத்தின் பெண், அச்சு அசல் இதே ஆரஞ்சு வேஷத்தில் திரியும். ஆனால் அது நாம் கடைந்து சாப்பிடுகிற பருப்புக்கீரையைத் தின்று வளர்ந்தது, ஒரு விஷமும் கிடையாது. பின்னிறக்கையைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அசலுக்கு நடுவில் மூன்று கறுப்புப் புள்ளி. ஆணுக்கு நான்கு, நான்காவது வாசனைப் பை. பெண்ணை மயக்கும் வாசனைக்கான சரக்குக்கு எருக்கு போதாது. காய்ந்த தேள்கொடுக்குச் செடியிலும் கிலுகிலுப்பையிலும் ஆண்கள் மொய்த்து உறிஞ்சுவது அதற்குத்தான்.

தினமும் இரண்டு இலை போட்டேன். ஆறாம் நாள் பாட்டில் மூடியில் தலைகீழாகத் தொங்கிக் கூடாகிவிட்டது. இளஞ்சிவப்பில், பொன் புள்ளி வைத்து, ஜிமிக்கி மாதிரி. எட்டு நாள் கழித்துக் காலையில் பார்த்தால் கூடு கறுத்து, உள்ளே ஆரஞ்சு இறக்கை தெரிந்தது. வாசலில் பால் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் வெளியே வந்து ஈர இறக்கையோடு தொங்கிக்கொண்டிருந்தது. செம்பைக் கீழே வைக்காமலே குனிந்து எண்ணினேன்.

நான்கு.