மர்ரோவுக்கு வந்த தபால்
1954 மார்ச் 9 இரவு, அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் செய்தியாளர் எட்வர்ட் மர்ரோ, கண்டவரையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று குற்றம்சாட்டி வந்த செனட்டர் (மேலவை உறுப்பினர்) மெக்கார்த்தியை அரை மணி நேரம் தோலுரித்தார். பெரும்பாலும் மெக்கார்த்தி பேசிய படச்சுருள்களையே ஓடவிட்டார், அவ்வளவுதான். நிகழ்ச்சிக்கு நாளிதழில் விளம்பரம் கொடுக்க நிறுவனம் காசு தரவில்லை. மர்ரோவும் தயாரிப்பாளர் ஃபிரெட் ஃபிரெண்ட்லியும் சொந்தக் காசைப் போட்டார்கள்.

அப்புறம் கடிதமும் தந்தியும் போனும் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. 15 பேர் பாராட்டினால் ஒருவர் திட்டினார் என்கிற கணக்கில்!

மர்ரோவின் துணிச்சலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தக் கடிதக்காரர்கள் மேல்தான் வியப்பு. கம்யூனிஸ்ட் என்று யாராவது கைகாட்டினாலே வேலை போன காலம். அதில் பெயர் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். (போலிக் கணக்கில் வந்து திட்டுகிற வசதியெல்லாம் அன்று ஏது?)

ஏப்ரல் 6-இல் மெக்கார்த்தி அதே நிகழ்ச்சியில் பதில் சொன்னார். எடுபடவில்லை. டிசம்பரில் செனட் அவரை 67-22 என்ற வாக்குக் கணக்கில் கண்டித்தது.