நடு மெயின்

பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைக் கவிழ்த்துப் போட்டால் மூன்று மெயின் கேப் தெரியும். மெயின் என்பது கிராங்க் என்கிற சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங், கேப் அதன் மூடி. நான்கு சிலிண்டருக்கு மூன்றே மெயின். நடு மெயினுக்கு இருபுறமும் இரண்டிரண்டு பிஸ்டன் அடிக்கும். இன்ஜின் பிரிக்கும்போது என் கண் முதலில் போவது அந்த நடு மெட்டலுக்கு, அதாவது நடு மெயினுக்குள் உட்காரும் பேரிங் தகட்டுக்குத்தான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் தொழில் கற்றது சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு பட்டறையில். எங்கள் மேஸ்திரி கிராங்க்கை உட்கார வைத்து, கேப்பையெல்லாம் இறுக்கிவிட்டு, கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். பிடிக்காமல் சுற்றினால், "மெட்டல் சரியா இருக்குது, ஏத்துடா" என்பார். மெட்டல் இறுக்கமாக இருந்தால் கைக்குத் தெரியும். லூசாக இருந்தால் கைக்கு ஒன்றுமே தெரியாது, இன்னும் சுகமாகத்தான் சுற்றும். இது எங்களுக்கு விளங்குவதற்குள் ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவரின் இன்ஜின் வீணானது.

வண்டி போய் மூன்றாம் மாதம் திரும்பி வந்தது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடித்து, ஏரிக்கரையில் நிறுத்தி ஐடிலில் விட்டால், ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிகிற ஆயில் லைட் மினுக்குகிறது என்றார். பிரித்தோம். நடு மெட்டலில் வெள்ளைப் பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தது. லேத்தில் கிராங்க் கிரைண்டிங் செய்தபோது நடு ஜர்னலில், அதாவது நடு மெட்டலுக்குள் சுழலும் கிராங்க்கின் பகுதியில், மட்டும் கூடுதலாகக் கடைந்துவிட்டிருந்தார்கள். ஜர்னலுக்கும் மெட்டலுக்கும் நடுவே உள்ள இடைவெளி, அதாவது கிளியரன்ஸ், கிட்டத்தட்ட 4 தௌ. தௌ என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அளக்காமல் ஏற்றியது நாங்கள்.

ஜர்னல் மெட்டலைத் தொட்டுக்கொண்டு ஓடுவதில்லை, ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் ஓடும். அந்தப் படலம் நிற்பதற்கான இடம்தான் கிளியரன்ஸ். விட்டத்தில் இன்ச்சுக்கு ஒரு தௌ என்பது பழைய கணக்கு. 2 இன்ச் ஜர்னலுக்கு 2 தௌ, அதாவது 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமுடி கனம். அதைவிட ரொம்பக் குறைந்தால் ஆயில் ஓட இடமில்லாமல் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் ஆயில் பக்கவாட்டில் வழிந்து போகும். வழிவது கிளியரன்ஸின் மும்மடிக் கணக்கில் ஏறும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. மலை ஏறிச் சூடாகி ஆயில் நீர்த்துப் போயிருக்கும்போது, ஐடிலில் பம்ப் தள்ளுகிற கொஞ்ச ஆயில் எப்படிப் போதும்? லைட் மினுக்காமல் என்ன செய்யும்?

அதற்குப் பிறகு மைக்ரோமீட்டரும் பிளாஸ்டிகேஜும் இல்லாமல் நான் கிராங்க் ஏற்றியதில்லை. பச்சை பிளாஸ்டிகேஜ் 1 முதல் 3 தௌ வரை காட்டும். மெழுகுத்திரி நூல் மாதிரி இருக்கும். ஆயிலில் கரையும் என்பதால் ஜர்னலும் மெட்டலும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஜர்னலின் மேல் நீளவாட்டில் வைத்து, கேப்பை டார்க் ரெஞ்ச்சில் முழு அளவுக்கு இறுக்கிக் கழற்ற வேண்டும். இடையில் கிராங்க்கைத் திருப்பவே கூடாது. நசுங்கிய அகலத்தை உறையிலுள்ள கோடுகளோடு ஒப்பிட்டால் கிளியரன்ஸ் தெரிந்துவிடும். அகலம் கூடினால் இடைவெளி குறைவு.

சேலத்து வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரையில் லேத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கும் கிராங்க்கைத் தொட்டால் கை சுடும். நிழலிலிருக்கும் மைக்ரோமீட்டரைவிட அது 15 டிகிரி கூடச் சூடாக இருந்தால், 2 இன்ச் ஜர்னல் தௌவில் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகக் காட்டும். அதனால் ராத்திரி முழுக்க மைக்ரோமீட்டரையும் கிராங்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் அளப்பேன்.

போன மாதம் இன்னொரு அம்பாசடர் வந்தது. அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனசில்லை என்றார் அந்தத் தம்பி. முன் மெயினும் பின் மெயினும் 2 தௌ காட்டின. நடு மெயினில் பிளாஸ்டிகேஜ் திரி ஒரு ஓரம் 2 தௌ, மறு ஓரம் 1 தௌ என்று ஆப்பு மாதிரி நசுங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஜர்னலை ஒரு ஓரம் பெருத்து மறு ஓரம் சிறுத்து டேப்பராகக் கடைந்துவிட்டார்கள் என்று லேத்துக்குப் போன் போடப் போனேன்.

"அண்ணா, மொதல்ல மெட்டலைக் கழட்டிப் பாக்கலாங்களா?" என்றான் என் பட்டறைப் பையன்.

கழற்றினோம். கேப்புக்கும் மெட்டலுக்கும் நடுவே, இறுகிய ஓரத்தில், வேஸ்ட் துணியின் ஒரு இழை. அவ்வளவுதான். விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிந்தது. காலையில் அந்த மெட்டலைத் துடைத்து உட்கார வைத்தது நான். அந்த இழையோடு ஏற்றியிருந்தால் அதே ஓரத்தில் மெட்டல் தேய்ந்திருக்கும், பழி லேத்தின் மேல் போயிருக்கும். இப்போது மெட்டலை வேஸ்ட் துணியால் துடைப்பதில்லை. பெட்ரோலில் கழுவி, காற்றடித்து, கையாலேயே தடவிப் பார்த்து வைக்கிறோம்.

மறுபடி வைத்த திரி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே அகலம், 2 தௌ. மூன்று மெயினுக்கும் கிடைத்த அளவைத் தேதியோடு பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். கேப்களில் 1, 2, 3 என்று பஞ்ச் வைத்திருப்பதையும் அடுத்துப் பிரிக்கப்போகிறவருக்காகக் கீழே குறித்தேன்.